எழுபத்தைந்து சிவப்பு, இருபத்தைந்து பழுப்பு

"எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது."

பிரஷ் நுனியால் அந்த ஈயைச் சிவப்புப் பக்கம் தள்ளினாள். வெள்ளைத் தாளுக்கு அடியில் ஐஸ் தட்டு. ஐஸ் கரைந்தால் ஈக்கள் விழித்துக்கொள்ளும். ஓரத்தில் ஒன்று ஏற்கெனவே காலை ஆட்டியது.

"மணி எட்டாகப் போகுது," என்றாள் அம்மா.

"பேசாதம்மா. எண்ணிக்கை தவறிடும்."

"நான் எங்க பேசறேன். கடிகாரம் பேசுது."

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. சிவப்பு முடிந்தது. பழுப்புக் கண் ஈக்களின் குவியலை இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்து மூன்று. நோட்டில் எழுதினாள். தாளைப் படம் எடுத்தாள். ஈக்களை டப்பாவில் கொட்டி, மூடி, ஃப்ரீஸருக்குள் வைத்தாள். அங்கே அவை அப்படியே செத்துக் கிடக்கும்.

காலை ஐந்தரையிலிருந்து மூன்று சீசா முடிந்திருந்தது. இன்னும் ஒன்று இருந்தது.

எட்டு இருபத்தைந்துக்கு பஸ். ஒன்பது மணிக்குப் பள்ளியில் வேதியியல் செய்முறைத் தேர்வு. அது முடியப் பதினொன்றரை ஆகும். நான்கு சீசாக்களின் எண்ணிக்கையும் படங்களும் பகல் பன்னிரண்டுக்குள் கல்லூரியின் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் பக்கம் பூட்டிக்கொள்ளும். எண்ணுவது, சீசாவில் ஈக்களைச் சேர்த்ததிலிருந்து பதினெட்டாம் நாளில்தான் நடக்க வேண்டும் என்பது பாடத்தின் விதி. இன்று பதினெட்டாம் நாள்.

அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருஷம். படித்துக்கொண்டிருந்தது கல்லூரி முதல் வருஷ உயிரியல். வீட்டிலிருந்தே கணினியில் படிக்கும் அந்தப் பாடத்தில் பள்ளி மாணவர்களுக்கு இருபது இடம். நுழைவுத் தேர்வு எழுதி ஒன்றைப் பிடித்திருந்தாள். பள்ளியின் உயிரியல் ஆசிரியரிடம் ஒரு தடவை சந்தேகம் கேட்டாள். "அதெல்லாம் எனக்கே மறந்து போச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு யாரிடமும் கேட்கவில்லை. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சமையலறை மேசையின் ஒரு முனையில் அவள் வகுப்பு நடக்கும். மறுமுனையில் அம்மா காய் நறுக்குவாள். மடிக்கணினியின் கீல் உடைந்திருந்தது. திரை பின்னால் சாயாமல் இருக்க இஸ்திரிப் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஈக்கள் தபாலில் வந்தன. சிவப்புக் கண் ஜாதி ஒரு குழாயில், பழுப்புக் கண் ஜாதி ஒரு குழாயில். இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாமே சிவப்புக் கண். அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பேரப் பிள்ளைகளில் சுமார் நாலில் ஒன்றுக்குப் பழுப்புக் கண் திரும்பி வரும். அந்தப் பேரப் பிள்ளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். முதல் நாள் சீசாக்களைப் பார்த்துவிட்டு, "வியாபாரம் இல்லாம ஈ ஓட்டறவனப் பாத்திருக்கேன். ஈ வளக்கறவள இப்பதான் பாக்கறேன்," என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ஈ டாக்டர் என்று பெயர்.

பாடத்தில் எண்பது மதிப்பெண் வாங்கினால் இரண்டாம் பருவத்தில் இடம் உண்டு. ஈ ஆய்வுக்கு மட்டும் நாற்பது. அந்த இரண்டாம் பருவம் அவளுக்கு வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதல் பருவத்தில் பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.

"நான் எண்ணறேன். நீ கிளம்பு," என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியாதும்மா."

"ஒரு நாளைக்கு ஆறாயிரம் பொத்தான் என் கண்ணு முன்னாடி போகுது. வெறும் அரக்குலயே மூணு சாயல் பிரிக்கறேன். உன் ஈக்கு ரெண்டு நிறந்தானே?"

அம்மா பொத்தான் ஆலையில் தரம் பிரிப்பவள். பதினாறு வருஷம். இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும்.

எண்ணிக்கையை மாணவரே எடுக்க வேண்டும் என்று பாடக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் படித்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து.

"சீசாவ அஞ்சு நிமிஷம் ஃப்ரீஸர்ல வை. மயங்கிடும். ஐஸ் மேல தாள் போட்டுக் கொட்டு. லென்ஸ் வெச்சுக் கண்ணப் பாரு. சிவப்பு இந்தப் பக்கம், பழுப்பு அந்தப் பக்கம். போட்டோ எடு. எனக்கு அனுப்பு. அப்புறம் டப்பால போட்டு உள்ள வை. எறிஞ்சிடாத."

"நான் எதையும் எறியறதில்ல."

மேசைக்கு மேலே சுவரில் அவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். 'எதிர்பார்ப்பு, நூற்றுக்கு: சிவப்பு 75, பழுப்பு 25.' அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆலையிலும் மேசைக்கு மேலே தாள் ஒட்டியிருக்கும். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவள் ஓடினாள்.

தேர்வுக்கு முன்னால் எல்லோருடைய போனையும் ஒரு அட்டைப் பெட்டியில் வாங்கி வைத்திருந்தார்கள். அது அவள் கைக்குத் திரும்பி வரும்போது மணி பதினொன்று முப்பத்தேழு. விரலில் அமில நெடி. அம்மாவிடமிருந்து ஒரு படமும் ஒரு செய்தியும் வந்திருந்தன.

'முடிச்சாச்சு. சிவப்பு 75. பழுப்பு 25. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.'

படத்தைத் திறந்தாள். ஈக்கள் வரிசையாகக் கிடந்தன. வரிசைக்குப் பத்து. பத்து வரிசை. எல்லாத் தலையும் ஒரே பக்கம். மேலே ஏழரை வரிசை சிவப்பு, கீழே இரண்டரை வரிசை பழுப்பு. அட்டையில் தைத்த பொத்தான்கள் போல இருந்தன.

எப்படி இவ்வளவு சரியாக என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் சந்தோஷம் வந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து நான்கு சீசாக்களின் எண்களையும் ஏற்றினாள். 87, 31. 74, 22. 91, 33. 75, 25. கடைசியில் ஒரு சிறு கட்டம். 'எல்லாக் கவனிப்புகளும் என்னால் செய்யப்பட்டவை.' அதில் டிக் போடாமல் பக்கம் நகராது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. டிக் போட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அம்மா வரும்போது அவள் தூங்கியிருந்தாள். அவள் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் பேசிக்கொண்டார்கள். 'ஏத்திட்டியா?' என்று அம்மா எழுதியிருந்தாள். அவள் அதன் கீழே 'ஏத்தியாச்சு' என்று எழுதினாள்.

பிறகு அறிக்கை எழுதினாள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் எவ்வளவு விலகல் என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. மூன்று சீசாவுக்கும் ஏதோ ஒரு விலகல் வந்தது. நான்காவதற்கு சைபர். சைபரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் 'மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது' என்று எழுதி அனுப்பினாள்.

பத்தாம் நாள் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

'நான்காம் சீசாவின் முடிவு குறித்துப் பேச வேண்டும். வியாழன் மாலை நான்கு மணி, காணொளியில். கேமரா முழு நேரமும் இயங்க வேண்டும். பாதுகாத்து வைத்த ஈக்கள் கைவசம் இருக்க வேண்டும். முடிவுகள் புனையப்பட்டவை என்று தெரிய வந்தால் மாணவர் பாடத்திலிருந்து நீக்கப்படுவார். பள்ளிக்கும் தெரிவிக்கப்படும்.'

அன்று செவ்வாய். மூன்று தடவை படித்துவிட்டு மடிக்கணினியை மூடப் போனாள். இஸ்திரிப் பெட்டி நகர்ந்து திரை மல்லாந்து விழுந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

அம்மாவுக்கு இந்த வாரம் முதல் ஷிஃப்ட். நாலு மணிக்கே வீட்டில் இருந்தாள். மகள் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "சரியா இருந்தா தப்பா?" என்றாள்.

"அவ்வளவு சரியா வராதாம்மா."

"நான் செஞ்சா வரும்."

"ஈயெல்லாம் அப்படி வராதும்மா. நீ நெஜமா எண்ணினியா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பதினாறு வருஷம். என் டப்பா ஒண்ணு, ஒரே ஒண்ணு, திரும்பி வந்ததில்ல. கம்பெனில போய்க் கேளு." கத்தியை மறுபடி எடுத்தாள். "எண்ணினியான்னு கேக்கறா."

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பாவுக்கு விஷயம் எளிமையாக இருந்தது. "நான்தான் எண்ணினேன்னு சொல்லிட்டுப் போயேன். யாரு பாத்தா? ஈயா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

"சொன்னா பொய்யாச்சே."

"டிக் போட்டப்பவே சொல்லியாச்சு. இப்ப அதையே திருப்பிச் சொல்ற. புதுசா ஒண்ணும் இல்ல."

"உண்மையச் சொன்னா?"

"டிக் போட்டது பொய்யின்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி."

அப்பா சிரிக்கவில்லை. பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறவனிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

புதன்கிழமை வகுப்பில் திரையின் இருபது கட்டங்களிலும் முகங்கள் இருந்தன. பேராசிரியர் வழக்கம்போல நடத்தினார். அவள் பெயரைச் சொல்லி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டார்.

வியாழன் மூன்று ஐம்பதுக்கே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கேமராவுக்குப் படாமல் மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தார். அம்மா அடுப்புப் பக்கம் நின்று ஏற்கெனவே துடைத்த மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரியாக நான்கு மணிக்குத் திரையில் இரண்டு கட்டங்கள் திறந்தன. ஒன்றில் பேராசிரியர். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. இன்னொன்றில் ஆய்வுக்கூட உதவியாளர். அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"கூட யாராவது இருக்காங்களா?"

"அம்மா, அப்பா இருக்காங்க மேடம். இது சமையலறை. வேற மேசை இல்ல."

"பரவாயில்ல. ஆனா பதில் நீங்க மட்டும் சொல்லணும்."

"சரி மேடம்."

"முதல் மூணு படத்தப் பாத்தேன். ஈ கோணல்மாணலா கெடக்கு. ஒண்ணுல உங்க கட்டை விரல் கூட விழுந்திருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு. எண்ணினவங்க விரல் அது. நாலாவது படத்துல ஈயெல்லாம் அணிவகுத்து நிக்குது. ஏன்?"

"அடுக்கி வெச்சது மேடம். எண்ண வசதியா."

"மொத்தம் எத்தனை?"

"நூறு."

"சரியா நூறு?"

"சரியா நூறு மேடம்."

உதவியாளரின் விரல்கள் ஓடின. பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சீசால சரியா நூறு ஈ பொறக்கறது தற்செயல். அந்த நூறுல எழுபத்தஞ்சு, இருபத்தஞ்சு வர்றது இன்னொரு தற்செயல். தனித்தனியா வந்தா நான் ஒத்துக்குவேன். ரெண்டும் சேந்து ஒரே சீசால வந்தா எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு மேடம்."

"அப்புறம்?"

அவள் நோட்டைப் புரட்டினாள்.

"நேராவே கேக்கறேன். நாலாவது சீசாவ எண்ணினது நீங்கதானா?"

மடிக்கணினிக்கு மேலே அப்பாவின் முகம் தெரிந்தது. மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல்லச் சொல்லும் ஆட்டல். மேடையைத் துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"ஈயெல்லாம் ஃப்ரீஸர்ல இருக்கு மேடம். எடுத்துட்டு வரவா?"

பேராசிரியர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "எடுத்துட்டு வாங்க. கேமரா அப்படியே இருக்கட்டும்."

ஃப்ரிட்ஜ் கேமராவின் பார்வைக்கு வெளியே இருந்தது. ஃப்ரீஸர் கதவைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் எழுதிய வட்ட டப்பாக்கள் முன்வரிசையில் இருந்தன. நான்காவதை எடுத்தபோது அதன் பின்னால் பனி ஏறிய ஒரு தட்டையான டப்பா தெரிந்தது. பொத்தான் டப்பா. தடுப்பு வைத்தது. மேலே ஒட்டிய சீட்டில் அம்மாவின் கையெழுத்து: '4. மிச்சம்.'

பனியைக் கட்டை விரலால் தேய்த்தாள். உள்ளே ஈக்கள். பெரிய அறையில் நிறைய. ஓரத்தில் ஒரு சின்ன அறையில் ஏழு மட்டும் தனியாக. அதன் மேல் பேனாவால் ஒரு கேள்விக்குறி.

"என்னம்மா இது?" என்று கிசுகிசுத்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளும் மெதுவாகவே சொன்னாள். "மிச்சம்."

"என்ன மிச்சம்?"

"ஆர்டருக்கு மேல வந்தது. எழுபத்தஞ்சு சிவப்பு, இருபத்தஞ்சு பழுப்புன்னு நீதானே எழுதி ஒட்டியிருந்த. அத நெரப்பினேன். மிச்சத்த எறியக் கூடாது. சரக்கு பாஸ் ஆகற வரைக்கும் வெச்சிருக்கணும்."

அவள் சுவரைப் பார்த்தாள். தாள் அங்கேயே இருந்தது.

அம்மாவின் ஆலையில் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் டப்பாவில் இருக்க வேண்டும். கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். பதினாறு வருஷம் அம்மா அதைத்தான் செய்துவந்தாள். அன்று காலையும் அதைத்தான் செய்திருந்தாள். தவறில்லாமல் செய்திருந்தாள்.

"மூடு," என்றார் அப்பா, உதட்டசைவில். "கதவ மூடு."

"கெடச்சுதா?" என்றது மடிக்கணினி.

"இதோ மேடம்."

நான்காம் டப்பாவை மட்டும் எடுத்துப் போனால் போதும். திறந்து எண்ணச் சொல்வார்கள். எழுபத்தைந்து இருக்கும், இருபத்தைந்து இருக்கும். படத்தோடு பொருந்தும். சைபர் விலகல் சந்தேகம்தான், சாட்சியம் அல்ல. சாட்சியம் கையில் இருந்தது. அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் சாட்சியமே இல்லை. எண்பதும் போகாது.

குளிர் மணிக்கட்டில் ஏறியது. தட்டை டப்பாவை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். சிவப்பு, சிவப்பு, ஒரு பழுப்பு, சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. மூடி வழியாக எண்ணிப் பார்த்தாள். பதினொன்றில் தவறியது. மறுபடி தொடங்கினாள். எத்தனை பழுப்பு என்று தெரியவில்லை. தெரியாமல் அதை உள்ளே வைக்க அவளால் முடியவில்லை.

இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், நாலாவது சீசாவ நான் எண்ணல. அன்னிக்கு எனக்குப் பள்ளியில தேர்வு. அம்மா எண்ணினாங்க. நூறுன்னு சொன்னது தப்பு. இதுல இன்னும் இருக்கு. எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

உதவியாளர் தட்டுவதை நிறுத்தினார்.

"தெரியாதா?"

"இப்பதான் பாக்கறேன் மேடம். அம்மா பொத்தான் கம்பெனில தரம் பிரிக்கறாங்க. செவுத்துல ஒட்டியிருந்த எதிர்பார்ப்ப ஆர்டர் சீட்டுன்னு நெனச்சுட்டாங்க. அந்த அளவுக்கு எடுத்துட்டு மிச்சத்தத் தனியா வெச்சிருக்காங்க."

பேராசிரியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் சிரிக்கப் போகிறாரா கோபப்படப் போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் நடக்கவில்லை.

"எண்ணுங்க," என்றார். "இப்ப. கேமரா முன்னாடி. ரெண்டு டப்பாவும்."

யாரும் கேட்காமலே அப்பா ஐஸ் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் கை மட்டும் திரையில் வந்து போனது. அவள் தாளை விரித்தாள். முதல் டப்பா எழுபத்தைந்து, இருபத்தைந்து. சரியாக. இரண்டாவதைக் கொட்டினாள். இரண்டு ஈ மேசைக்கு உருண்டன. பிரஷ்ஷால் தொட்டு எடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் எண்ணினாள். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது.

"சிவப்பு முப்பத்து மூணு. பழுப்பு ஆறு."

"அந்தத் தனியா இருக்கற ஏழு?"

லென்ஸை வைத்துப் பார்த்தாள். சிவப்பு மாதிரி இருந்தது. சாய்த்தால் பழுப்பு மாதிரியும் இருந்தது.

"எதுல சேப்பீங்க?"

"தெரியல மேடம்."

"அது புதுசா பொறந்தது," என்றாள் அம்மா, அடுப்புப் பக்கமிருந்து.

"யாரது?"

"அம்மா மேடம்."

"அவங்கள இங்க வரச் சொல்லுங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். திரையில் அவள் நெற்றியும் கண்ணாடியும்தான் தெரிந்தன.

"ஒடம்பப் பாருங்க, வெளுத்திருக்கும். அன்னிக்குக் காலையிலதான் வெளிய வந்திருக்கு. சிவப்பு, சிவப்பாவே பொறக்குது. பழுப்புதான் இப்படி அரகொறையாப் பொறந்து அப்புறம் கருக்குது. ஒரு நாள் விட்டிருந்தா நிறம் இறங்கியிருக்கும். சந்தேகம்னு வந்தா நான் டப்பால போட மாட்டேன். ஒதுக்கிடுவேன்."

"இது உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு நாளா சீசா அடுப்புப் பக்கத்துலதானே இருந்துச்சு. பாத்துட்டுத்தானே இருந்தேன்."

பேராசிரியர் எதையோ எழுதினார். "இத உங்க பொண்ணு அறிக்கையில எழுதியிருந்தா நான் தனியா மார்க் போட்டிருப்பேன்."

"அவளுக்கு அன்னிக்குப் பரீட்சை."

"தெரியும். அது ஆர்டர் இல்லம்மா. அது எதிர்பார்ப்பு. என்ன வந்துச்சோ அத அப்படியே எண்ணணும்."

"வந்தத எண்ணணும்னா சரி. அப்ப எதுக்கு முன்னாலேயே எழுதி ஒட்டறீங்க?"

உதவியாளர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"நீங்க போகலாம்மா," என்றார் பேராசிரியர். பிறகு அவளிடம், "அந்த ஏழையும் பழுப்புல சேத்துக் கூட்டுங்க."

"சிவப்பு நூத்தியெட்டு. பழுப்பு முப்பத்தெட்டு. மொத்தம் நூத்தி நாப்பத்தாறு."

"விலகல் எவ்வளவு?"

நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். "ரொம்பக் கம்மி மேடம். மூணுக்கு ஒண்ணுதான் வருது. கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட. இத அப்படியே அனுப்பியிருந்தா இன்னிக்கு நாம பேசிட்டிருக்க மாட்டோம்."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"நீங்க புனையல. அது எனக்குத் தெரிஞ்சுது. நீக்கம் இல்ல, பள்ளிக்கும் எழுத மாட்டேன். ஆனா கட்டத்துல டிக் போட்டது உங்க அம்மா இல்ல. நாலாவது சீசாவுக்கு மார்க் கெடையாது. பொய்யான உறுதிமொழிக்குப் பத்து கழியும். மூணு சீசா வெச்சு அறிக்கைய மாத்தி எழுதி, நாலாவதுல என்ன நடந்துச்சோ அதையும் செய்முறைப் பகுதியில எழுதி, நாளைக்கு ஆறு மணிக்குள்ள ஏத்தணும். புரியுதா?"

"புரியுது மேடம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எண்பது வருமா மேடம்?"

"வராது," என்றார் பேராசிரியர். "பாடம் பாஸ் ஆகும். ரெண்டாம் பருவத்துக்கு எண்பது வேணும். அது வராது."

இரண்டு கட்டங்களும் அணைந்தன. திரையில் அவள் முகம் மட்டும் நின்றது. மேசை மேல் நூற்று நாற்பத்தாறு ஈக்கள். ஐஸ் கரைந்து தாளின் ஓரம் நனைய ஆரம்பித்திருந்தது.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்," என்றார் அப்பா. யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. எழுந்து அவள் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போனார்.

அம்மா தாளின் ஈரமான ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். "சீக்கிரம் டப்பால போடு. நனஞ்சா நிறம் போயிடும்."

"இனிமே நிறம் போனா என்னம்மா?"

"மார்க் வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப போடு."

இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள். கேள்விக்குறி அறைக்கு உரிய ஏழையும் அம்மா தன் கையால் தனியாகப் பொறுக்கி வைத்தாள். "எண்ணினியான்னு கேட்டப்பவே நான் முழுசா சொல்லியிருக்கணும்," என்றாள். அவள் மூடியை அழுத்தினாள்.

மறுநாள் அம்மா காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு ஏழு மணி வண்டி. அவள் எட்டு இருபத்தைந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள். கணக்குத் தேர்வு இருந்தது. மூன்று நாற்பதுக்கு வீடு திரும்பினாள். அம்மா ஏற்கெனவே வந்திருந்தாள், டீ போட்டாள். அவள் அறிக்கையை மாற்றி எழுதினாள். செய்முறைப் பகுதியில் ஒரு பத்தி சேர்த்தாள். 'நான்காம் சீசாவை எண்ணியவர் என் அம்மா. தொழில், பொத்தான் தரம் பிரித்தல். மொத்தம் 146. சிவப்பு 108, பழுப்பு 31, நிறம் இறங்காதவை 7. அந்த ஏழும் புதிதாகப் பிறந்த பழுப்புக் கண் ஈக்கள் என்று கண்டவரும் அவரே.' ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஏற்றினாள். கட்டத்தில் டிக் கேட்டது. மூன்று சீசாவுக்கு மட்டும் என்று பக்கத்தில் எழுதிவிட்டு டிக் போட்டாள். ஐந்து ஐம்பதுக்கு உதவியாளரிடமிருந்து 'கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது. ஆறு மணிக்குப் பக்கம் பூட்டிக்கொண்டது. அப்பா வந்து குளிர்ந்த தண்ணீர் கேட்டார். ஐஸ் இல்லை. அவள் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஐந்து டப்பாக்களையும் ஓரமாக நகர்த்தி, ஃப்ரீஸரில் வைத்தாள்.